அன்வர் பாய் மூடியிருப்பார்

காபி வசனத்தை நான் சொல்லவில்லை. ஸ்டெல்லா வாயைத் திறந்திருக்காவிட்டால் எனக்கு உறைத்தே இருக்காது. என் புடவை மடிப்பில் கடைசி ஊக்கைக் குத்திவிட்டு, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, இன்னிக்கு நீங்க காபி வசனம் சொல்லவே இல்லையேக்கா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேலைக்காரி வேஷம். இனி நாடகம் முடிகிறவரை மேடையில்தான் இருப்பாள், கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. நான் ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் அப்படியே நிற்கிறேன். சொல்லவில்லைதான். சொல்ல இடமே வரவில்லை. இரண்டாவது காட்சியில் பூவராகன் சாரோடு சண்டை போட்டுவிட்டு இடது பக்கக் கதவு வழியாக நான் சமையலறைக்குப் போக வேண்டும். சமையலறை என்று அங்கே ஒன்றும் கிடையாது, தட்டிச் சுவருக்குப் பின்னால் இருட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அங்கே நின்றுகொண்டு, காபியா ஹார்லிக்ஸா என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். விஷம் இருந்தா கொடு என்பார் அவர். சபை கொல்லென்று சிரிக்கும். இந்த நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். இன்றைக்கு அவர் ஒரு பக்கத்தையே முழுங்கிவிட்டு நேராக மகனோடு டெலிபோனில் பேச ஆரம்பித்துவிட்டார். கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிற ரிட்டையர்டு மேனேஜர் வேஷம் அவருக்கு. வேஷத்தில் கால் போயிருக்கிறது, நிஜத்தில் ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. அவரே எழுதியது, அவரே டைரக்டர், அவரே கதாநாயகன், யார் கேட்பது. கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். தாண்டிவிட்டார் என்று புரிந்ததும், ஒரு வசனம் மிச்சம் என்று இங்கே வந்துவிட்டேன். வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மைக். மடிப்புக்குள் மிளகு அளவில் ஒரு மைக், அதிலிருந்து ஒரு ஒயர் முதுகுப் பக்கமாக இறங்கி இடுப்பில் செருகியிருக்கிற சின்னப் பெட்டிக்குப் போகிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. அது எப்போதும் எரியும், பேட்டரி இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எங்கள் குரல் சபைக்குப் போவதும் போகாததும் அன்வர் பாய் கையில். அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். யார் மேடையை விட்டு உள்ளே போகிறார்களோ அவர்களுடைய மைக்கை அங்கிருந்தே மூடிவிடுவார். எல்லாருக்கும் உடனே மூடுவார். எனக்கு மட்டும் மூட மாட்டார், காபி வசனத்துக்காக. நான் கேட்டு, பூவராகன் சார் விஷம் என்று சொல்லி, சபை சிரித்து ஓய்ந்த பிறகுதான் என்னுடையதை மூடுவது வழக்கம். இன்றைக்கு நான் கேட்கவில்லை. சபை சிரிக்கவில்லை. அப்படியென்றால் அவர் காத்துக்கொண்டு இருந்திருப்பார். அப்படியென்றால் திறந்தேதான் இருந்திருக்கும். இல்லை, மூடியிருப்பார். பழுத்த ஆள், தாடி நரைத்தவர், எத்தனை கம்பெனிக்கு வேலை பார்த்திருக்கிறார். டெலிபோன் காட்சி வந்ததுமே பக்கம் போய்விட்டது என்று தெரிந்து மூடியிருப்பார். பெட்டியை நானே அணைத்துவிடலாம் என்று கை போகிறது. சுவிட்சின் மேல் டேப் சுற்றியிருக்கிறது. யாரோ ஒருவர் அணைத்துவிட்டு மறந்து போய் ஒரு காட்சி முழுக்க ஊமைப்படம் காட்டியதிலிருந்து யாரும் தொடக் கூடாது என்று பூவராகன் சார் டேப் சுற்றவைத்துவிட்டார். நான் மடிப்பின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொள்கிறேன். மூச்சுகூட உள்ளங்கையில் இடிக்கிறது. இப்போதும் திறந்திருந்தால் இந்தப் படபடப்பும் வெளியே கேட்கும். நினைப்பதைக் கூட மெதுவாக நினைக்க வேண்டும்போல இருக்கிறது.

என்ன சொன்னேன்? வார்த்தை வார்த்தையாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வசனம் பாடம் பண்ணுகிற மாதிரி. ஸ்டெல்லா புடவையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுல சார் நல்லா இருக்காராக்கா என்று கேட்டுவிட்டு வாயில் நாலைந்து ஊக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் கேட்கிறார்கள். காய்கறிக்காரர் கேட்கிறார், மருந்துக்கடையில் கேட்கிறார்கள், இருக்காருங்க, நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இவள் வாயில் ஊக்கு இருந்ததுதான் வினை. பதில் பேச முடியாதவளிடம் எதையும் சொல்லிவிடலாம்போலத் தோன்றிவிட்டது. அச்சச்சோ என்று சொல்ல மாட்டாள், அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா என்று சொல்ல மாட்டாள். காலையிலிருந்து நாக்கு நுனியிலேயே இருந்தது வேறு. சொன்னேன். "நல்லா இருக்கார்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். தினம் காலையில எழுந்ததும் அவர் மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்க்கறேன். சூடா மூச்சு படுது. பட்டதும் மனசு சப்புன்னு ஆயிடுது. இன்னிக்கும் நிக்கலையான்னு இருக்கு." அவ்வளவுதான். ஸ்டெல்லா ஒரு கணம் கையை நிறுத்தினாள், பிறகு மறுபடி மடித்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம் கூடச் சொன்னதில்லை, காதில் விழுந்து நடத்திவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்கிறேன், அதுவும் மைக் வைத்து. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை மரகதம், குரலை எடுத்துப் பேசு என்று பூவராகன் சார் என்னை எத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குக் கேட்டிருக்கும், நன்றாகவே கேட்டிருக்கும்.

பெயர் சொன்னேனா? ஸ்டெல்லா என்று நடுவில் எங்கேயாவது கூப்பிட்டேனா? கூப்பிட்டிருந்தால் சபைக்கு இது நாடகம் இல்லை என்று தெரிந்துவிடும், நாடகத்தில் ஸ்டெல்லா என்று யாரும் இல்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் ம் என்றிருப்பாள், ஊக்கோடு. ம் சொன்ன ஞாபகம் இல்லை. அவர் பெயர்? புருஷன் பெயரை எப்போது சொன்னேன், அவர் அவர் என்றுதான் சொன்னேன். அவர் என்றால் சபைக்கு மேடையில் மாவுக்கட்டோடு கிடக்கிற பூவராகன் சார்தான். நான் உள்ளே சமையலறையில் இருக்கிற பெண்டாட்டி. பெண்டாட்டி உள்ளேயிருந்து பேசுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது. என்ன நல்லது. இந்த ஒப்பனை அறைக்கு மேடையில் நடப்பது தெளிவாகக் கேட்காது, நடுவில் ஒரு நடை, நடையில் ஒரு கதவு, மேலே இந்தக் கிழட்டு ஃபேன். ஆனால் நான் பேசும்போது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து என் குரலே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அறை காலியாக இருக்கிறது, எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். இந்த அறை எப்போது காலியாக இருந்திருக்கிறது, சூட்கேஸும் விக்கும் துணியும் கூரைவரை அடைத்துக்கொண்டு, இதில் எதிரொலி எங்கிருந்து வரும்? அப்புறம் அந்த அமைதி. நான் பேசி முடித்ததும் மேடையில் பூவராகன் சார் குரல் நின்றிருந்தது. சரி, அடுத்த பக்கத்தையும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்தாரா, இல்லை நான் பேசினதைக் கேட்டுவிட்டு நின்றாரா? அதற்கப்புறம் லேசாகக் கைதட்டல் வந்தது. டெலிபோன் காட்சியில் கைதட்டலே கிடையாது. எந்த ஊரிலும் யாரும் அந்த இடத்தில் தட்டினது கிடையாது.

மற்றவர்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் இருக்கிறார் முன்வரிசை ஓரத்தில். என் புருஷன், தாமோதரன், மின்வாரியத்தில் ஊர் ஊராக டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொண்டு திரிந்தவர், சக்கர நாற்காலியில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை, இடது கால், முகத்தில் இடது பாதி மூன்றும் அவருக்குச் சொந்தமில்லை. பேச்சு திரும்பிவிட்டது, மெதுவாக வரும். அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற வேலைக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாள், எங்கள் நாடகமோ ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் கூடவே அழைத்துக்கொண்டு வருவேன். இந்த ஹாலின் முன்வாசலில் மலை மாதிரி படி. பின்னால் சந்தில், காட்சித் தட்டிகளை வேனிலிருந்து இறக்கி உருட்டி ஏற்றுவதற்கு ஒரு சிமென்ட் சரிவு இருக்கிறது. சோபா, பீரோ, பொய்ச் சுவர், பொய் ஜன்னல் எல்லாம் ஏறுகிற அந்த வழியில்தான் இவரும் ஏறுவார். மேடைக்குப் பின்னால் வந்து, பக்கக் கதவு வழியாகச் சபைக்குள் இறக்கி, ஓரத்தில் பிரேக் போட்டு வைத்துவிடுவோம். ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. நானும் செட்டுல ஒரு சாமான்தானே என்று சிரிப்பார், அந்தப் பாதிச் சிரிப்பு. அவருக்கு இந்த நாடகம் முழுக்க மனப்பாடம். நான் பாடம் பண்ணும்போது பிரதியை மடியில் வைத்துக்கொண்டு மற்ற எல்லார் வசனத்தையும் அவர்தான் சொல்லுவார். விஷம் இருந்தா கொடு என்பதைப் பூவராகன் சாரை விட நன்றாகச் சொல்லுவார். எந்த வசனத்தில் எந்தச் சொல்லை நான் மாற்றினாலும் வீட்டுக்குப் போனதும் சொல்லிக் காட்டுவார். சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது நாடகம். அது நாடகத்தில் இல்லாத வசனம் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான்.

இங்கே நிற்க முடியவில்லை. நடைக்கு வருகிறேன். கல்யாண வரவேற்பில் மிச்சமான தெர்மோகோல் வளைவு சுவரில் சாய்ந்திருக்கிறது, யாரோ இரண்டு பேருடைய பெயர்கள், பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. கழிப்பறைக் கதவில், நாடகம் நடக்கும்போது தண்ணீர் இழுத்துவிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இழுத்தால் சபைக்குள் கேட்கும். எல்லாவற்றுக்கும் இங்கே காது இருக்கிறது, செருப்புக்குக் காது, இருமலுக்குக் காது, எனக்குத்தான் அது மறந்து போனது. கழுத்து வியர்வை மைக் ஒயரில் இறங்கிப் பெட்டிவரை போகிறது. மேடைக்குப் பின்பக்கம் போக வேண்டுமானால், பின்திரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். திரை அசைந்தால் அதில் வரைந்த ஆகாயம் அசைகிறது என்று சபையில் சிரிப்பார்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நகர்கிறேன். சுவர் சில்லென்று முதுகில் படுகிறது. அந்தச் சில்லிப்பு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, குளியலறைத் தரை, அவர் விழுந்து கிடந்த அன்றைக்கு. பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை, ஈரத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, போயிடாதீங்க போயிடாதீங்க என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதைச் சொன்னவளும் நான்தான். அதை யாரும் மைக் வைத்துக் கேட்கவில்லை. அன்றைக்குப் போயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன், நிஜமாகவே அழுதிருப்பேன். இரண்டும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறேன், திருப்பிப் படுக்கவைக்க, பாத்திரம் பிடிக்க, தண்ணீர் கொடுக்க. முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், இப்படி உள்ளேயே போய்ச் சேர்ந்து விரல் நுனியில் வந்து நின்றிருக்காது.

பக்கத் திரையில் ஒரு ஓட்டை உண்டு. எந்தக் காலத்திலோ எந்த நடிகரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை. கூட்டம் எவ்வளவு என்று அது வழியாகத்தான் நாங்கள் பார்ப்போம். குனிந்து கண்ணை வைக்கிறேன். முன்வரிசை, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், விசிறிக்கொள்ளும் ஒரு பெண், ஓரத்தில் சக்கர நாற்காலி. மேடை வெளிச்சம் அவர்மேல் விழுகிறது. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிவது அவருடைய இடது பாதி முகம். அதில் ஒன்றும் தெரியாது. அந்தப் பாதி சந்தோஷத்திலும் இப்படித்தான் இருக்கும், துக்கத்திலும் இப்படித்தான் இருக்கும். கண் ஓரத்தில் ஈரம் மாதிரி இருக்கிறது, அது எப்போதும் இருப்பதுதான், அந்த இமை முழுசாக மூடாது. சால்வையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டிருக்கிறார். குளிரா? நான் பேசினதற்கு முன்னால் இழுத்தாரா பின்னால் இழுத்தாரா? கேட்டிருந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டார். கோபித்தால் நான் பதில் சொல்லலாம், அழுதால் கூடச் சேர்ந்து அழலாம். அவர் மரியாதையாக ஆகிவிடுவார். மனசு நொந்தால் அவருக்கு அதுதான் வழக்கம். சிரமமில்லேன்னா கொஞ்சம் தண்ணி என்பார். அப்புறம் அதையும் கேட்க மாட்டார். ராத்திரி வயிறு முட்டினாலும் என்னை எழுப்பாமல் விடிகிறவரை அடக்கிக்கொண்டு கிடப்பார், எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. காலையில் நான் பக்கத்தில் போனால் கண்ணைத் திறந்து, இருக்கேன் மரகதம், மன்னிச்சுக்கோ என்பார். அப்படி ஒரு காலையை என்னால் தாங்க முடியாது. கேட்டிருக்கக் கூடாது. அன்வர் பாய் மூடியிருக்க வேண்டும். மனுஷன் மூடியிருப்பார். பேரன் போனில் கூப்பிட்டிருப்பான், கவனிக்காமல் விட்டிருப்பார், கை தானாக மூடியிருக்கும். கவனிக்காவிட்டால் மூடுவாரா, திறந்து விடுவாரா?

ஸ்டெல்லா மேடையில் துடைப்பத்தைத் தட்டுகிறாள். அதுதான் எனக்கு அடையாளம், போக வேண்டும். மாத்திரையும் தண்ணீர் டம்ளரும் வைத்த தட்டு இருட்டில் நாற்காலிமேல் இருக்கிறது. எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளுகிறேன். வெளிச்சம் முகத்தில் அறைகிறது. வெளிச்சத்துக்கு அப்பால் சபை வெறும் கறுப்பு, யாரும் தெரிய மாட்டார்கள், இத்தனை வருஷமாக எனக்குத் தைரியம் கொடுத்ததே அதுதான். பூவராகன் சார் கட்டிலில் கிடக்கிறார். நான் மனசுக்குள் என்னை ஏசிக்கொண்டே மாத்திரையை நீட்டுகிறேன், வாய் தானாக வசனம் பேசுகிறது, என் குரல் பெரிய ஸ்பீக்கரில் என்னைத் தாண்டிப் போகிறது, அப்படியானால் மைக் இப்போது திறந்திருக்கிறது. அதற்கென்ன, இப்போது திறந்துதானே இருக்க வேண்டும். நான் ஒருத்தி இல்லேன்னா உங்க கதி என்ன என்று கேட்கிறேன். நிம்மதி என்கிறார் அவர். இந்த இடத்தில் சிரிப்பு வரும், சிரிப்பு ஓய்கிறவரை நான் தட்டை மேஜையில் வைத்து டம்ளரைத் துடைக்க வேண்டும். துடைக்கிறேன். சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வருகிறது. பூவராகன் சார் என்னைப் பார்க்கிற பார்வையிலும் என்னவோ இருக்கிறது. டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டிருக்கிறது. கூரைவரை கேட்டிருக்கிறது. இதற்குப் பிறகு என்ன பேசினேன், எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. ஒரு சொல்லும் பிசகவில்லை என்று மட்டும் தெரியும். வாய்க்கு வெட்கம் கிடையாது, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது.

திரை விழுந்து, மறுபடி எழுந்து, வரிசையாக நின்று கும்பிட்டு, கடைசியாக விழுகிறது. எனக்கு என்றுமில்லாத கைதட்டல். கும்பிடும்போது ஓரத்தைப் பார்க்கவில்லை, முடியவில்லை. திரைக்குப் பின்னால் பூவராகன் சார் மாவுக்கட்டைக் கழற்றக்கூட இல்லை, நொண்டிக்கொண்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார். கண் கலங்கியிருக்கிறது. "நான் ஒரு பக்கத்தை முழுங்கிட்டேம்மா. நீ உள்ளேர்ந்து சமாளிச்சுட்டே. எங்கே பிடிச்சே அந்த வசனத்தை? இனிமே அது அங்கேயே இருக்கட்டும், காபியே வேண்டாம்." நான் தலையாட்டுகிறேன். அடுத்த ஞாயிறும் சொல்ல வேண்டும், அதற்கடுத்த ஞாயிறும், அவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க. ஸ்டெல்லா தூரத்தில் சுவர் ஓரமாக நிற்கிறாள், கிட்டவே வரவில்லை. அப்புறம் மேடைக்குப் போனவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மைக்கைக் கழற்ற அன்வர் பாய் வருகிறார். இடுப்பிலிருந்து பெட்டியை உருவி ஒயரைச் சுற்றிக்கொண்டே, எழுத்தில் இல்லாத வசனமாச்சே, மூடலாம் என்று கையைக் கூட வைத்தாராம். "அப்படி ஒரு குரலை எப்படிம்மா நடுவுல மூடறது" என்கிறார். அவரைத் திட்டலாம் என்று வாய் வருகிறது. பாராட்டுகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? மார்பில் மைக் இருந்த இடம் சில்லென்று இருக்கிறது.

பக்கக் கதவு வழியாக இரண்டு பேர் என் புருஷனை நாற்காலியோடு தூக்கி மேடை மட்டத்துக்கு ஏற்றிவிட்டுப் போகிறார்கள். போகலாமா என்கிறேன். போலாம் என்கிறார். குரலில் ஒன்றும் இல்லை. எங்களைச் சுற்றி எங்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், சுவரைப் படுக்கப் போட்டு, ஜன்னலைத் தனியாகக் கழற்றி, கட்டிலை நிமிர்த்தி. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதற்கு நடுவில் போகிறேன். அவர் தலைக்குப் பின்னால் நான், என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது, அதுவே பெரிய உபகாரமாக இருக்கிறது. பூவராகன் சார் வழியில் நிறுத்தி, எப்படி சார் உங்க சம்சாரம் என்று அவரையே கேட்கிறார். நல்லா இருந்தது, புதுசா இருந்தது என்கிறார் இவர் மெதுவாக. ஒருவேளை பூவராகன் சார் எழுதிச் சேர்த்தது என்று நினைத்துக்கொண்டாரோ? நினைத்துக்கொள்ளட்டும். சாமி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்குப் போனதும், புது வசனம், காலையில்தான் கொடுத்தார் என்று சொல்லிவிடுவேன். கூசாமல் சொல்லுவேன், நடிக்கத் தெரியாதவளா நான்?

பின்வாசல் கதவு திறந்திருக்கிறது. சந்தில் வேன் நிற்கிறது, அதன் பின்விளக்குச் சிவப்பு சரிவில் விழுந்திருக்கிறது. சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொள்ள வேண்டும், முன்னால் பார்த்து இறக்கினால் ஆள் விழுந்துவிடுவார். நான் கீழே, அவர் மேலே, அவர் முதுகை என் பக்கம் வைத்து, அவர் கனம் முழுக்க என் மணிக்கட்டில் தாங்கி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து இறங்க வேண்டும். பாதிச் சரிவில் அவர் வலது கையைத் தூக்குகிறார். நில் என்று அர்த்தம். நிற்கிறேன்.

"ஊக்கு குத்தறவகிட்ட சொன்னியா?" என்கிறார்.

நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொள்கிறேன். ஆமாம் என்று சொல்ல எங்கே தைரியம்?

"எனக்குத் தெரியும் மரகதம். நீ விரல் வெக்கும்போது முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்." கொஞ்சம் நிறுத்துகிறார், அடுத்த சொல்லைப் பிடிக்க அவருக்கு எப்போதும் நேரமாகும். குரலில் கோபம் இல்லை. மரியாதையும் இல்லை. கல்யாணமான புதிதில் இருட்டில் என்னிடம் பேசுகிற குரல். "நீ வர்ற சத்தம் கேட்டதும் மூச்சை அடக்கிக்குவேன். உனக்காகத்தான். எவ்வளவோ தடவை பார்த்துட்டேன், முடியல. தானா வந்துடுது."

வரட்டுங்க என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் நாற்காலி என்மேல் உருண்டுவிடும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவிலேயே நிற்கிறேன்.